கொரிய மொழியில் ‘படிக்கணும்னு’ சொல்வது எப்படி? ஒரு விகுதி மாறினால் பணம் அனுப்பிய ஆளே மாறிவிடுவார்!

“புள்ள படிக்கணும்னு பணம் அனுப்புறேன்.”

வெளிநாட்டில் வேலை பார்க்கும் எந்தத் தமிழரும் சொல்லக்கூடிய வாக்கியம் இது. இதையே கொரிய மொழியில், ‘படிக்கணும்னு’ என்பதற்குப் பாடப்புத்தகம் முதலில் சொல்லித்தரும் விகுதியைப் போட்டு அப்படியே சொன்னால், கேட்கும் கொரியருக்கு வேறொரு பொருள்தான் புரியும்: “பிள்ளை, தான் படிப்பதற்காகப் பணம் அனுப்புகிறது.” அனுப்பியவர் காணாமல் போய், பிள்ளை அனுப்பியதாகிவிடும்!

ஏன் இப்படி? ஒரு செயலை ‘எதற்காக’ செய்கிறோம் என்று சொல்ல, கொரிய மொழி வினைச்சொல்லின் கடைசியில் வெவ்வேறு விகுதிகளைச் சேர்க்கிறது. அவற்றுக்குள் வேலைப் பங்கீடு உண்டு. அந்தப் பங்கீடு என்ன, தமிழர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

இது யாருக்குத் தேவை?

கே-டிராமா பார்த்து கொரியன் கற்கத் தொடங்கியவர்கள் ஒரு பக்கம். படிப்பு, வேலைக்காகக் கற்பவர்கள் இன்னொரு பக்கம். 2020-ல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளில் ஒன்றாகக் கொரியனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழிப் பட்டப்படிப்பே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கொரிய நிறுவனங்கள் பல இருக்கின்றன. இலங்கையிலிருந்து அரசு ஒப்பந்தத்தின் கீழ் கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ‘இபிஎஸ்-டோபிக்’ என்ற மொழித் தேர்வில் தேற வேண்டும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பெரும்பாலும் கேட்கப்படுவது ‘டோபிக்’ தேர்வு. 1997 முதல் நடக்கும் இந்தத் தேர்வில் மொத்தம் 6 நிலைகள். 3 முதல் 6 வரையிலான நிலைகளுக்கான ‘டோபிக் 2’ தாளில் மொத்தம் 300 மதிப்பெண். அதில் 100 எழுத்துப் பகுதிக்கு. கடைசிக் கேள்வியில் 600 முதல் 700 எழுத்துகளில் கட்டுரை எழுதணும். எந்த இடத்தில் எந்த விகுதி என்று தெரியாமல் அங்கே சமாளிக்க முடியாது.

முதலில் ஒரு நல்ல செய்தி

இந்தப் பாடத்தில் ஆங்கிலேயரைவிடத் தமிழருக்கு வேலை பாதிதான். தமிழைப் போலவே கொரியனிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். நோக்கமும் தனிச் சொல்லாக முன்னால் வராது, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ‘சாப்பிட’ என்பதில் கடைசி ‘அ’ நோக்கத்தைச் சொல்கிறதல்லவா, அதே மாதிரி.

“அப்போ தமிழும் கொரியனும் ஒரே குடும்பமா?” என்ற கேள்வி வரும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-ல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஜப்பானியம், துருக்கியம் உட்பட வினையைக் கடைசியில் வைக்கும் பல மொழிகளில் இந்த அமைப்பு உண்டு. ஆகவே, உறவு என்று எடுத்துக்கொள்ளாமல், கற்பதற்கு ஒரு வசதி என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

உச்சரிப்பு பற்றி ஒரு குறிப்பு. கீழே வரும் உதாரணங்களில் ‘ஒ’ என்பதை வாயைக் குவிக்காமல், ‘ஒ’வுக்கும் ‘அ’வுக்கும் நடுவில் சொல்லுங்கள். குறில் ‘உ’ வரும் இடங்களில், ‘காசு’, ‘நாடு’ என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரம் போலச் சொன்னால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

1. ‘ரொ’: போகும்போதும் வரும்போதும் மட்டும்

பாப் மொகுரொ காயோ – சாப்பிடப் போறேன்.
சின்கூருல் மான்னாரொ வாஸ்ஸொயோ – நண்பரைப் பார்க்க வந்தேன்.
கோங்பூஹாரொ வாஸ்ஸொயோ – படிக்க வந்தேன்.

‘மொக்’ என்றால் சாப்பிடு. வினையடி மெய்யெழுத்தில் முடிந்தால் நடுவில் ஓர் ‘உ’ சேர்ந்து ‘மொகுரொ’ ஆகும். உயிரெழுத்தில் முடிந்தால் நேராக ‘ரொ’ ஒட்டும்: ‘சா’ (வாங்கு) – ‘சாரொ’ (வாங்க). ‘ல்’ என்று முடிந்தாலும் ‘உ’ வராது: ‘நோல்’ (விளையாடு, பொழுது போக்கு) – ‘நோல்லொ’.

இதற்கு ஒரே நிபந்தனை: வாக்கியத்தின் முக்கிய வினை ‘போ’, ‘வா’, ‘உள்ளே போ’, ‘வெளியே வா’, ‘தினமும் போய்வா’ மாதிரி இடம்பெயர்வதாக இருக்கணும். முதல் வழுக்கல் இங்கேதான். தமிழில் பாருங்க:

புத்தகம் வாங்கக் கடைக்குப் போறேன்.
புத்தகம் வாங்கக் காசு சேர்க்கிறேன்.

இரண்டிலும் ‘வாங்க’தான். கொரியனில் முதல் வாக்கியத்துக்கு ‘சேகுல் சாரொ காயோ’ சரி. இரண்டாவதற்கு ‘சேகுல் சாரொ தோனுல் மோஆயோ’ என்றால் தப்பு. காசு சேர்ப்பதில் யாரும் எங்கேயும் போகவில்லையே!

‘ரொ’வுக்கு ஒரு சௌகரியமும் உண்டு. கட்டளை, அழைப்பு எல்லாவற்றோடும் சேரும். ‘பாப் மொகுரொ காப்சிதா’ என்றால் ‘சாப்பிடப் போவோம் வாங்க’. ஆனால் ‘ரொ’வுக்கு முன்னால் ‘போ’, ‘வா’ என்ற வினைகளையே வைப்பதில்லை.

2. ‘ரியொகோ’: ‘-ணும்னு’ என்ற எண்ணம்

காசு சேர்க்கும் வாக்கியத்துக்கு வேண்டியது இதுதான்.

சேகுல் சாரியொகோ தோனுல் மோஆயோ – புத்தகம் வாங்கணும்னு காசு சேர்க்கிறேன்.
ஹான்கூகேசொ இல்ஹாரியொகோ ஹான்கூகொருல் பேவொயோ – கொரியாவில் வேலை பார்க்கணும்னு கொரியன் கத்துக்கிறேன்.

பேச்சுத் தமிழின் ‘-ணும்னு’வுக்கு மிக நெருக்கமானது இது. செய்கிறவரின் மனசில் இருக்கும் திட்டத்தைச் சொல்கிறது. முக்கிய வினை எதுவாகவும் இருக்கலாம். ‘போ’, ‘வா’வோடும் வரலாம், ‘கோங்பூஹாரியொகோ வாஸ்ஸொயோ’ என்றாலும் சரிதான். ‘படிக்க வந்தேன்’ என்பதற்கும் ‘படிக்கணும்னு வந்தேன்’ என்பதற்கும் தமிழில் என்ன வித்தியாசமோ, அதே வித்தியாசம்தான் இங்கேயும்.

பேச்சில் கொரியர்கள் இதை ‘ரியொகூ’ என்று சொல்வதும், முன்னால் ஒரு ‘ல்’ சேர்த்துச் சொல்வதும் உண்டு. டிராமாவில் அப்படிக் கேட்டால் குழம்ப வேண்டாம். தேர்வில் மட்டும் அப்படி எழுதாதீங்க.

‘ரியொகோ’வோடு ‘செய்’ என்ற பொருள்படும் ‘ஹேயோ’ சேர்ந்தால் இன்னொரு பயன். ‘பிகா ஓரியொகோ ஹேயோ’ என்றால் ‘மழை வரப் பார்க்குது’. மழைக்கு எண்ணம் ஏது? தமிழிலும் மழை ‘பார்க்க’த்தானே செய்கிறது! இங்கே அதன் பொருள் நோக்கம் அல்ல, நடக்கப்போவது.

இந்த விகுதிக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

தடை ஒன்று: கட்டளையோடும் அழைப்போடும் சேராது. ‘வீடு வாங்கணும்னு காசு சேருங்க’ என்பது தமிழிலும் கொஞ்சம் இடறுகிறதல்லவா? நாம் ‘வீடு வாங்கணும்னா காசு சேருங்க’ என்றுதான் சொல்வோம். கொரியரும் அதையேதான் செய்கிறார்கள். ‘ரியொகோ’வுக்குப் பதில் ‘ரியொம்யொன்’: ‘ஜிபுல் சாரியொம்யொன் தோனுல் மோஉசேயோ’. ‘-ணும்னு’ என்றால் ரியொகோ, ‘-ணும்னா’ என்றால் ரியொம்யொன் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தடை இரண்டு: எண்ணுகிறவரும் செய்கிறவரும் ஒரே ஆளாக இருக்கணும். தமிழின் ‘-ணும்னு’வுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இங்கேதான் முதலில் பார்த்த பண விவகாரம் வருகிறது.

பணம் அனுப்பியது யார்?

‘ஆஇகா’ என்றால் ‘பிள்ளை’ (எழுவாய்). ‘ஆஇகா கோங்பூஹாரியொகோ தோனுல் போனேயோ’ என்று சொன்னால், ‘ரியொகோ’ ஒரே ஆளைத்தான் ஏற்கும் என்பதால், கொரியர் பிள்ளையையே இரண்டு வினைக்கும் சொந்தக்காரராக்கிவிடுவார். படிப்பதும் பிள்ளை, பணம் அனுப்புவதும் பிள்ளை.

தமிழில் ஏன் இந்தக் குழப்பம் வருவதில்லை? ‘அனுப்புறேன்’ என்பதில் இருக்கும் ‘ஏன்’தான் காரணம். ‘நான்’ என்று தனியாகச் சொல்லாவிட்டாலும், அந்த விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அனுப்புறேன், அனுப்புற, அனுப்புறாங்க, அனுப்புது என ஒவ்வொன்றிலும் ஆள் இருக்கிறார். கொரியனில் அது கிடையாது. நான் அனுப்பினாலும், நீங்கள் அனுப்பினாலும், பிள்ளை அனுப்பினாலும் ‘போனேயோ’ ஒன்றுதான். மரியாதையைக் காட்ட விகுதி உண்டு, ஆளைக் காட்ட இல்லை. எழுவாயையும் தமிழரைப் போலவே அடிக்கடி விட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

ஆளைக் கண்டுபிடிக்க வேறு தடயம் வேணுமல்லவா? அதில் ஒரு பங்கை இந்த நோக்க விகுதிகள் ஏற்கின்றன. ‘ரொ’, ‘ரியொகோ’ கேட்டால் இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரே. ஆள் மாறினால் அடுத்து வரும் ஜோடிதான் சரி.

3. ‘தோரோக்’, ‘கே’: ‘-ற மாதிரி’, ‘-ம்படி’

ஆஇகா கோங்பூஹால் ஸூ இத்தோரோக் தோனுல் போனேயோ – பிள்ளை படிக்க முடியுற மாதிரி பணம் அனுப்புறேன்.

‘ஹால் ஸூ இத்’ என்பது ‘செய்ய முடியும்’ என்ற பகுதி. அதோடு ‘தோரோக்’ சேர்ந்தால் ‘செய்ய முடியும்படி’. இப்போது படிப்பது பிள்ளை, அனுப்புவது வேறொருவர் என்று தெளிவாகிவிடுகிறது.

‘கே’ இதன் பேச்சு வழக்குச் சகோதரன் மாதிரி.

ஜால் துல்லிகே குகே மால்ஹே ஜூசேயோ – நல்லா கேட்கிற மாதிரி சத்தமா பேசுங்க.

இந்த ஒரே வாக்கியத்தில் ‘கே’ இரண்டு முறை வந்திருக்கிறது. ‘துல்லிகே’ என்பது ‘கேட்கிற மாதிரி’. ‘குகே’ என்பது ‘பெரிசா’. பெயரடையை வினையடையாக்கும் நம்முடைய ‘-ஆ’வின் வேலையையும் (பெரிசா, அழகா) இந்த ‘கே’யே பார்க்கிறது.

இரண்டுமே கட்டளையோடு தாராளமாகச் சேரும். அதனால்தான் அறிவிப்புப் பலகைகளிலும் பாதுகாப்பு அறிவுரைகளிலும் ‘தோரோக்’ அதிகம்.

தாச்சிஜி ஆன்தோரோக் ஜோசிம்ஹாசேயோ – அடிபடாதபடி கவனமா இருங்க.

‘ஜி ஆன்தோரோக்’ என்பது எதிர்மறை: ‘-ஆதபடி’, ‘-ஆம இருக்க’. தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் காதில் பதிய வைக்க வேண்டிய ஒலி இது. இது கேட்டால், அதற்கு முன்னால் சொன்னது ‘நடக்கக் கூடாதது’ என்று அர்த்தம். அடிபடுதல், தீப்பிடித்தல், கை மாட்டிக்கொள்ளுதல் என எதுவாகவும் இருக்கலாம். வினையை மட்டும் பிடித்துக்கொண்டு வாலை விட்டுவிட்டால், எச்சரிக்கை தலைகீழாகப் புரிய வாய்ப்பிருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘தோரோக்’ எப்போதும் நோக்கம் அல்ல. ‘பாம்ஸேதோரோக்’ என்றால் ‘விடிய விடிய’. ஏதோ ஒரு எல்லை வரை என்ற பொருளும் அதற்கு உண்டு.

4. ‘கி விஹேசொ’: ‘-வதற்காக’

ஹான்கூகேசொ இல்ஹாகி விஹேசொ ஹான்கூகொருல் பேஊம்னிதா – கொரியாவில் வேலை செய்வதற்காகக் கொரிய மொழி கற்கிறேன்.

இதன் கட்டுமானம் தமிழருக்கு மிக எளிது. ‘இல்ஹா’ (வேலை செய்) என்ற வினையோடு ‘கி’ சேர்ந்தால் ‘செய்வது’ என்ற பெயர் ஆகிறது. ‘விஹேசொ’ என்பது ‘-க்காக’. செய்வது + க்காக = செய்வதற்காக. அவ்வளவுதான்! வினை இல்லாமல் வெறும் பெயரோடும் வரும்: ‘காஜோகுல் விஹேசொ இல்ஹேயோ’ – குடும்பத்துக்காக வேலை செய்றேன்.

கடைசி ‘சொ’வை விட்டு ‘விஹே’ என்று மட்டும் சொன்னாலும் எழுதினாலும் பொருள் மாறாது. முக்கிய வினை எதுவாகவும் இருக்கலாம், கட்டளையும் வரலாம். “அப்போ இது ஒண்ணு போதுமே, மத்ததெல்லாம் எதுக்கு?” என்று கேட்கத் தோன்றும். நண்பரிடம் போய் ‘நான் உணவு உண்பதற்காகச் செல்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்க. தப்பில்லை, ஆனால் சிரிப்பார். இங்கேயும் அதே கதைதான். கட்டுரை, செய்தி, மேடைப் பேச்சு, டோபிக் எழுத்துத் தாள் ஆகியவற்றுக்கு இது பொருத்தம். சாப்பாட்டுக்குக் கூப்பிட இது வேண்டாம். இங்கும் இரண்டு வினைக்கும் பொதுவாக ஆள் ஒருவரே.

5. ‘கோஜா’: விண்ணப்பத்தின் மொழி

ஜிவொன்ஹாகோஜா ஹாம்னிதா – விண்ணப்பிக்க விரும்புகிறேன்.

வேலை விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, அதிகாரபூர்வ உரை போன்ற இடங்களில் வருவது. தமிழில் ‘பொருட்டு’ என்ற சொல்லை எந்த இடங்களில் எதிர்பார்ப்போமோ, அங்கெல்லாம் ‘கோஜா’வைப் பார்க்கலாம். கொரிய நிறுவனங்கள் விண்ணப்பத்தோடு கேட்கும் ‘ஜாகிசோகேசொ’ என்ற சுயஅறிமுகக் கடிதத்தில் இது கைகொடுக்கும். இந்த இடத்தில் பேச்சுவழக்கு ‘ரியொகூ’ வந்தால், ‘வேலைல சேரலாம்னு இருக்கேன்’ என்று அலுவலகக் கடிதத்தில் எழுதியது போல இருக்கும்.

இந்த விகுதிக்கு வயதும் அதிகம். மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட எழுத்துமுறைதான் இன்றைய ஹங்குல். சாதாரண மக்கள் தாங்கள் சொல்ல நினைப்பதை எழுத வழியில்லாமல் தவிக்கிறார்கள் என்று அதன் முன்னுரை காரணம் சொல்கிறது. அந்த முன்னுரையின் 1459-ம் ஆண்டுக் கொரிய வடிவத்தில், ‘சொல்ல நினைப்பது’ என்ற இடத்திலேயே ‘கோஜா’வின் பழைய வடிவம் இருக்கிறது.

தமிழிலும் இப்படிப் பல இருந்தனவா?

இருந்தன. பழந்தமிழில் ‘வான்’, ‘பான்’, ‘பாக்கு’ என்று முடியும் வினையெச்சங்கள் நோக்கத்தைச் சொன்னதாக இலக்கண நூல்கள் பதிவு செய்கின்றன. ‘காண்பான் வந்தான்’ என்றால் ‘காண வந்தான்’. ‘செய்யிய’ என்ற வடிவமும் இருந்தது. காலப்போக்கில் அவை வழக்கொழிந்து, பெரும்பாலான வேலையை ‘செய்ய’, ‘காண’ என்ற செயவென் எச்சமே ஏற்றுக்கொண்டது. அதன் பழக்கத்தில்தான் கொரியனிலும் ஒரே விகுதியை எல்லா இடத்துக்கும் நீட்டத் தோன்றுகிறது.

சரி, எதை எங்கே போடுறது?

வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

● இரண்டு வினைக்கும் ஆள் ஒருவரா? இல்லை என்றால் ‘தோரோக்’ அல்லது ‘கே’.
● ஆள் ஒருவரே என்றால், முக்கிய வினை போவதும் வருவதுமா? ஆம் என்றால் ‘ரொ’ போதும்.
● போவதும் வருவதும் இல்லை என்றால், கட்டளையோ அழைப்போ இருக்கிறதா? இருந்தால் ‘ரியொகோ’ கூடாது. பேச்சில் ‘ரியொம்யொன்’, எழுத்தில் ‘கி விஹேசொ’.
● கட்டளை இல்லை என்றால், யாரிடம் சொல்கிறோம்? நண்பரிடம் ‘ரியொகோ’, கட்டுரையில் ‘கி விஹேசொ’, விண்ணப்பத்தில் ‘கோஜா’.

ஒரு விஷயத்தில் கவலையே வேண்டாம். காலம் காட்டும் குறியை இந்த விகுதிகளுக்கு முன்னால் சேர்ப்பதில்லை. ‘சாப்பிடப் போனேன்’, ‘சாப்பிடப் போவேன்’ என்று நாம் ‘சாப்பிட’வை மாற்றாமல் விடுவது போல, அங்கேயும் காலம் கடைசி வினையில்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்க

இந்த நான்குக்கும் விகுதியை முதலில் யோசித்துவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள்.

1. சினிமா பார்க்கப் போறேன்.
2. வீடு வாங்கணும்னு காசு சேர்க்கிறேன்.
3. நல்லா தெரியுற மாதிரி எழுதுங்க.
4. மறக்கக் கூடாதுன்னு குறிச்சு வைக்கிறேன்.

விடைகள்:

1. ‘ரொ’. போவது இருக்கிறது. ‘யொங்ஹ்வாருல் போரொ காயோ.’
2. ‘ரியொகோ’. ஆள் ஒருவரே, போவதும் இல்லை, கட்டளையும் இல்லை. ‘ஜிபுல் சாரியொகோ தோனுல் மோஆயோ.’
3. ‘கே’. தெரிவது எழுத்து, எழுதுவது நீங்கள், கட்டளையும் இருக்கிறது. ‘ஜால் போஇகே ஸொ ஜூசேயோ.’
4. எதிர்மறையோடு ‘ரியொகோ’. மறக்கக் கூடாது என்று நினைப்பவரும் குறித்து வைப்பவரும் ஒரே ஆள். ‘இத்ச்சி ஆனுரியொகோ மேமோஹேயோ.’

நான்கில் மூன்றாவது தவறியிருந்தால், ஆள் மாறுகிறதா என்ற முதல் கேள்வியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். தமிழில் அந்தக் கேள்விக்கு வினைமுற்றே பதில் சொல்லிவிடுவதால், அதைக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை. கொரியனில் வாய் திறக்கும் முன் அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.